மூத்த ராப்பர் திரும்பி வரும்போது: சமூகம் பேசும் ஆல்பம் எப்படிக் கட்டப்படுகிறது?

வடசென்னையில் கானா கேட்டு வளர்ந்தவர்களுக்கு ராப் ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. வார்த்தையை முன்னால் நிறுத்தி, தாளத்தைப் பின்னால் ஓடவிட்டு, தெருவில் நடந்ததைத் தெருவுக்கே சொல்வது இரண்டுக்கும் பொது. ஆனால் பத்துப் பதினைந்து வருஷம் சத்தமில்லாமல் இருந்த ஒரு மூத்த ராப்பர், சமூகப் பிரச்சினைகளைப் பேசும் ஆல்பத்தோடு திரும்பி வரும்போது சில கேள்விகள் எழும். அதை எப்படிக் கேட்பது? எதை வைத்து நன்றாக இருக்கிறது என்று சொல்வது? நாமே ஒன்று செய்ய நினைத்தால் எங்கே தொடங்குவது? புதிதாக வருபவர்களுக்காக அதை அடிப்படையிலிருந்து சொல்கிறோம்.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். கருத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது தாளக் கணக்குக்குள் உட்காரவில்லை என்றால் யார் காதிலும் தங்காது. கணக்கு சரியாக இருந்தும் விவரம் இல்லை என்றால், தங்கினாலும் பயனில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதுதான் இந்த வகை ராப்பின் வேலை.

எங்கிருந்து வந்தது

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே டிஜே கூல் ஹெர்க் நடத்திய பார்ட்டியைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்த நாளாகச் சொல்கிறார்கள். பாட்டில் டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் இடத்தை, இரண்டு ரெக்கார்டு பிளேயர்களை வைத்து மாற்றி மாற்றி நீட்டினார். அந்த நீட்டலின் மேல் பேச ஆரம்பித்தது ராப். முதல் சில வருஷம் அதில் பெரும்பாலும் கொண்டாட்டமும் தற்பெருமையும்தான் இருந்தன. 1982-ல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃப்யூரியஸ் ஃபைவ் பெயரில் வந்த 'தி மெசேஜ்' உடைந்த கண்ணாடி, எலி, கடன்காரர் என்று தன் தெருவை அப்படியே பாட்டில் வைத்தது. தாளமும் நிதானமானது, ஆட்டத்துக்காக இல்லாமல், சொல் கேட்கட்டும் என்று விட்ட நிதானம். 'கான்ஷியஸ் ராப்' என்று இன்று சொல்கிற வகைக்கு அதுதான் பெரிய தொடக்கம்.

தமிழில் ராப்பை முழு ஆல்பமாக நிறுத்தியவர்களில் முக்கியமானவர்கள் மலேசியாவின் யோகி பி அண்ட் நட்சத்ரா. அவர்களது 'வல்லவன்' 2006-ல் வந்தது. சென்னையில் கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் அரசியலோடு சேர்த்தது தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் நடந்த அவர்களது முதல் நிகழ்ச்சிக்குப் பிறகு, "கானாவில் அரசியல் பேச முடியுமா?" என்ற கேள்வியே காலாவதியாகிவிட்டது. அந்தக் குழுவின் பெயர், "சாதியற்ற தமிழர்" என்று நூறு வருஷத்துக்கு முன்பே எழுதிய அயோத்திதாசரிடமிருந்து வருகிறது.

பார் என்ற அளவு

ராப்பில் எல்லாவற்றையும் 'பார்' கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு பார் என்பது நான்கு தட்டு. காலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தட்டினால் ஒரு பார் முடிந்தது. வழக்கமாக ஒன்றிலும் மூன்றிலும் கனமான 'கிக்' விழும். இரண்டிலும் நான்கிலும் பளீரென்று 'ஸ்னேர்' விழும். புதிதாகக் கேட்பவர் முதலில் ஸ்னேரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது கிடைத்துவிட்டால், ராப்பர் தாளத்தின் மேல் நிற்கிறாரா, வேண்டுமென்றே பின்தங்குகிறாரா, தெரியாமல் நழுவுகிறாரா என்பது தானாகக் கேட்கும்.

வேகத்தை நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்று அளக்கிறார்கள். நிமிஷத்துக்கு 90 தட்டு என்று வையுங்கள். ஒரு பார் 2.67 வினாடி. ஒரு சரணம் என்பது வழக்கமாக 16 பார், அதாவது சுமார் 43 வினாடி. திரும்பத் திரும்ப வரும் 'ஹூக்' 8 பார், 21 வினாடி. முன்னிசை 4 பார், பிறகு சரணம், ஹூக், சரணம், ஹூக், சரணம், ஹூக் என்று கட்டினால் மொத்தம் 76 பார். 3 நிமிஷம் 23 வினாடியில் பாட்டு முடிந்துவிடும். ஒரு பிரச்சினையைச் சொல்ல உங்களுக்குக் கிடைப்பது மூன்று சரணம், ஏறக்குறைய இரண்டு நிமிஷம் எட்டு வினாடி. எழுத உட்காருவதற்கு முன்பே இது மனதில் பதிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிரித்தால் ஒரு பாருக்குப் பதினாறு இடம். ஓர் இடத்தில் ஓர் அசை என்று வைத்தால் பதினாறுதான் உச்சம். (இங்கே அசை என்றால் யாப்பிலக்கண அசை இல்லை, வாயில் ஒரு தடவை விழும் ஓசைத் துண்டு, ஆங்கிலத்தில் 'சிலபிள்'. 'கு-டம்' இரண்டு அசை.) பதினாறையும் நிரப்பினால் மூச்சு விட இடமில்லை, கேட்பவருக்கு யோசிக்கவும் இடமில்லை. 90 வேகத்தில் பன்னிரண்டிலிருந்து பதினான்கு வரை நிம்மதியான அளவு.

இங்கேதான் தமிழுக்கென்று ஒரு சிக்கல் வருகிறது. நம் சொற்கள் விகுதி சேரச் சேர நீளும். "போய்க்கொண்டிருக்கிறார்கள்" என்பது ஏழு அசை. பாரில் பாதியை ஒரே வினைச்சொல் தின்றுவிடும். "போய்னுகீறாங்க" என்றால் ஐந்து. வடசென்னைப் பேச்சு ராப்புக்கு வாகாக இருப்பதற்கு இது ஒரு நேரடியான காரணம்: சொல்லின் நடுவில் இருப்பதை விழுங்கி, ஓசையை முன்னால் தள்ளுகிறது. எழுத்துத் தமிழில் எழுதிவிட்டுப் பாடும்போது பேச்சுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு எண்ணிக்கை எப்போதும் இடறும். பேச்சிலேயே எழுதி, பேச்சிலேயே எண்ண வேண்டும்.

எதுகையும் இயைபும்

ஆங்கில ராப் வரியின் கடைசியில் ஓசை சேர்க்கிறது. நமக்கு அது இயைபு. தமிழில் இயைபு மட்டும் வைத்தால் மிக மலிவாகக் கிடைத்துவிடும். ஏனென்றால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. "வந்தாங்க, நின்னாங்க, சொன்னாங்க, போனாங்க" என்று எந்தக் கதையைச் சொன்னாலும் ஓசை ஒத்துப்போகும். முதல் நான்கு வரிக்குள் காது சலித்துவிடும். கருத்துப் பாட்டு எழுதுபவர்களிடம் அதிகம் காணும் பிழை இதுதான். "வேண்டும்" என்று முடியும் பதினாறு வரிகளை யாரும் மறுமுறை கேட்க மாட்டார்கள்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, வினையை உள்ளே தள்ளிவிட்டுப் பெயர்ச்சொல்லை வரியின் கடைசியில் நிறுத்துவது. இரண்டாவது, இயைபோடு எதுகையையும் சேர்ப்பது. வரியின் முதல் சொல்லில் இரண்டாம் எழுத்து ஒன்றாக வருவது எதுகை. முதல் எழுத்து எல்லா வரியிலும் குறிலாகவோ எல்லா வரியிலும் நெடிலாகவோ இருக்க வேண்டும். கானாக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் இலக்கணம் படிக்காமலேயே உண்டு. வரியின் தலையில் ஒரு பிடி, காலில் ஒரு பிடி என்று இரண்டு பக்கமும் கட்டிவிட்டால் நடுவில் உள்ள விவரம் நழுவாது.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். பொருள், தண்ணீர். முதல் தடவை எழுதும்போது பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

தண்ணீர்ப் பஞ்சம் தீர வேண்டும்
தலைவர்கள் எல்லாம் திருந்த வேண்டும்

இதில் பொய் இல்லை. ஆனால் யாருடைய தண்ணீர், எந்த நேரம், யாருக்கு என்ன போயிற்று என்று ஒன்றும் இல்லை. எந்த ஊரிலும் எந்த மேடையிலும் பாடலாம் என்பதாலேயே எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல் போகிறது. அதையே ஒரு ஹவுசிங் போர்டு பிளாக்கின் வாசலுக்குக் கொண்டுபோனால்:

நாலு மணி லாரிக்கு நைட்டே வச்ச குடம்
நீலம் ஆயாவோடது, அதுக்கு மொத இடம்
மேல ஏறும் படி பூரா சிந்திப்போன தடம்
வேல லேட்டு, கூலி போச்சி, வட்டிக்கார கடன்

எண்ணிப் பாருங்கள். முதல் வரி பதின்மூன்று அசை, மற்ற மூன்றும் பதினான்கு. பாருக்கு இரண்டு மூன்று இடம் மூச்சுக்கு மிச்சம். நாலு, நீலம், மேல, வேல என்று தலையில் எதுகை. குடம், இடம், தடம் என்று காலில் இயைபு. நான்காவது வரியில் 'கடன்' வேண்டுமென்றே 'ம்'மிலிருந்து 'ன்'னுக்கு விலகுகிறது. ஓசை முழுதாகப் பொருந்தாமல் கொஞ்சம் உரசும் இடத்தில் காது நிற்கும்; நிற்க வேண்டிய சொல்லும் அதுதான். "அநீதி" என்ற சொல் எங்கும் இல்லை. தண்ணீருக்கு நின்றதால் வேலைக்கு நேரம் போனது, வேலை போனதால் கூலி போனது, கூலி போனதால் வட்டிக்குக் கடன் என்ற சங்கிலியை நான்கே பாரில் கேட்பவரே கோத்துக்கொள்கிறார். ஆள் இல்லாமல் குடம் மட்டும் வரிசையில் நிற்கும் வழக்கம் தெரிந்தவருக்கு இரண்டாவது வரி உடனே பிடிபடும். தெரியாதவருக்கு அது ஒரு புதுச் செய்தி. இரண்டு பேருக்கும் வேலை செய்கிற வரிதான் நல்ல வரி.

இதை வாயில் சொல்லிப் பார்க்கும்போது இன்னொன்று தெரியும். 'குடம்', 'இடம்', 'தடம்' மூன்றும் நான்காவது தட்டின் ஸ்னேரோடு சேர்ந்து விழ வேண்டும். அரைத் தட்டு முன்னால் விழுந்தால் பாட்டு ஓடுகிற மாதிரி இருக்கும், பின்னால் விழுந்தால் இழுக்கிற மாதிரி. தொடக்கக்காரர்கள் போனில் மெட்ரோனோம் (ஒரே சீராகத் தட்டிக் காட்டும் செயலி) வைத்து, முதலில் 70 வேகத்தில் கையைத் தட்டிக்கொண்டே சொல்லிப் பழக வேண்டும். 70-ல் தடுக்காத வரிதான் 90-ல் நிற்கும்.

கானாத் தாளத்தில் ராப்

கானாவும் சாவு ஊர்வல அடியும் பெரும்பாலும் மூன்றின் மடக்கு, அதாவது திஸ்ரம். ராப்பின் வழக்கமான கட்டம் நான்கின் மடக்கு. டோலக்கும் பறையும் போட்டுவிட்டால் வடசென்னை வாசம் வந்துவிடும் என்று நினைத்து, நான்கில் எழுதிய சரணத்தைத் திஸ்ர அடியின் மேல் அப்படியே வைக்கும்போது வரிக்கு வரி தடுக்கும். காரணம் எளிது. தட்டுக்கு மூன்று வீதம் பாருக்குப் பன்னிரண்டு இடம்தான் அங்கே உண்டு. மேலே உள்ள பதின்மூன்று அசை வரி அதில் உட்காராது. "நாலு மணி லாரிக்கு நைட்டே குடம்" என்று 'வச்ச' என்பதை எடுத்துவிட்டால் பதினொன்று, உட்கார்ந்துவிடும். ஆகவே எந்த அடி என்று முடிவு செய்த பிறகுதான் சரணம் எழுத வேண்டும்.

ஒலிக் கலவையிலும் ஒரு சண்டை உண்டு. நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றிய பறையின் சுள்ளென்ற அடியும், மின்னணு ஸ்னேரும், மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கும் குரலின் மேல் பகுதியும் ஏறக்குறைய ஒரே அலைவரிசை வட்டாரத்தில் மோதுகின்றன. மூன்றையும் வைத்தால் சொல் கலங்கும். பறை வரும் இடத்தில் ஸ்னேரை எடுத்துவிடுவது எல்லாவற்றிலும் சுலபமான தீர்வு. அல்லது பறையைச் சரணத்தில் அடக்கி, ஹூக்கில் முழுதாகத் திறந்துவிடலாம். எங்களுக்கு இரண்டாவது பிடிக்கும். அடி திறக்கும்போது தெரு முழுக்க வாய் சேரும். ஹூக் இருப்பதே அதற்குத்தான்.

திரும்பி வருகிறவரின் உடம்பும் குரலும்

இருபது வயதில் ஒரே மூச்சில் எட்டு பார் போனவர் நாற்பத்தைந்தில் நான்குதான் போவார். குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும், தடித்திருக்கும். இது குறை என்று நினைத்து மறைக்கப் பார்ப்பதுதான் பல பாடகர்கள் சறுக்கும் இடம். பழைய வேகத்தையே பிடித்து, வெட்டி வெட்டிப் பதிவு செய்து ஒட்டுகிறார்கள். ஆல்பத்தில் மலைப்பாக இருக்கும். மேடையில் பதின்மூன்றாவது பாரில் மூச்சு நிற்கும். சரியான வழி இது: சரணம் முழுவதையும் நின்றுகொண்டு, வெட்டாமல், மூன்று முறை பதிவு செய்யுங்கள். மூன்றிலும் ஒரே இடத்தில் மூச்சு திணறினால், அதற்கு முந்தைய பாரில் இரண்டு அசையைக் குறையுங்கள். வேகத்தையும் 90-லிருந்து 84-க்கு இறக்கிப் பாருங்கள். ஆறு தட்டுதான் வித்தியாசம், ஆனால் 16 பாருக்கு மூன்று வினாடி கூடுதலாகக் கிடைக்கும். தடித்த குரலுக்கு அந்த இடைவெளி கனம் கொடுக்கும்.

அடுத்தது, என்ன பாடுவது என்பதில் வரும் சறுக்கல். "நான்தான் முதலில் செய்தேன்" என்று பாதி ஆல்பம், "இந்தக் காலப் பசங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று மீதி ஆல்பம். இரண்டிலும் சமூகம் இல்லை, பாடகர் மட்டும்தான் இருக்கிறார். மூன்றாவது வகை, இப்போது ஓடுகிற ஓசையைத் துரத்துவது. அந்த ஓசை பழகிய இளைஞரின் வாயில் அது இயல்பாக வரும். இவருக்கு இரவல் சட்டை போலத் தொங்கும்.

உலக அளவில் நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. எ டிரைப் கால்டு குவெஸ்ட் குழு 1998-க்குப் பிறகு 18 வருஷம் கழித்து, 2016 நவம்பர் 11 அன்று புது ஆல்பம் வெளியிட்டது. அமெரிக்கத் தேர்தல் முடிந்த அதே வாரம். குழுவின் ஃபைஃப் டாக் அந்த மார்ச்சிலேயே இறந்துவிட்டிருந்தார். அதற்கு முன் பதிவு செய்த அவரது குரல் அதில் இருக்கிறது. வெறுப்பு அரசியலைப் பேசும் அந்த ஆல்பத்தில், பழைய பாணியிலேயே ஒருவர் வரியை இன்னொருவர் பிடித்து முடிக்கிறார். ஜே-ஸி 2017-ல், 47 வயதில், பத்தே பாட்டுகள், சுமார் 36 நிமிஷம், ஒரே தயாரிப்பாளர் நோ ஐ.டி. என்று ஓர் ஆல்பம் கொண்டுவந்தார். சொத்து, குடும்பம், தன் தவறுகள் என்று பேசினார். குறைவான பாட்டு, ஒரே கை, தன் வயதுக்கான பொருள். திரும்பி வருகிற யாருக்கும் இந்த மூன்றும் பொருந்தும்.

இளையவர்களைச் சேர்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பெரும்பாலும் அவர்களுக்குக் கடைசிச் சரணத்தில் எட்டு பார் கொடுத்து ஒதுக்குகிறார்கள். முதல் சரணத்தைக் கொடுத்துப் பாருங்கள். வியாசர்பாடியில் இன்று இருபது வயதுப் பெண் பார்ப்பதை அவளே சொல்லட்டும். அதற்குப் பதில் சொல்வதுபோல் மூத்தவரின் இரண்டாவது சரணம் வந்தால், ஒரே தெருவின் இரண்டு காலம் ஒரே பாட்டுக்குள் வந்துவிடும்.

பத்துப் பாட்டுக்குப் பத்துப் பிரச்சினை வேண்டாம்

தண்ணீர் ஒரு பாட்டு, மது ஒரு பாட்டு, சாதி ஒரு பாட்டு, கல்வி ஒரு பாட்டு என்று பாடத்திட்டம் போலப் பிரிப்பதுதான் பொதுவான வழக்கம். எதுவும் ஆழம் போகாது. ஓர் இடத்தையோ, ஒரு நாளையோ, ஒரு தொழிலையோ பிடித்துக்கொண்டால் இவை எல்லாம் தானாக உள்ளே வரும்.

எண்ணூர் கழிமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். தண்ணீருக்குள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சுற்றிலும் அனல்மின் நிலையம், துறைமுகம், மணலிப் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலைகள். ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்த கதை பல வருஷக் கதை. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தது, வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்து, படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் அப்பியது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் தெருவுக்கு ஓடி வந்தார்கள். ஒரே கழிமுகத்தில் வேலை, உடம்பு, வீடு, சாதி, அரசு எல்லாம் இருக்கின்றன. எண்ணெய் ஒட்டிய வலையைக் கழுவ முடியாது, புது வலை வாங்க வேண்டும், அதற்குக் கடன் வேண்டும் என்ற ஒரு சரணம் "சுற்றுச்சூழலைக் காப்போம்" என்ற முழுப் பாட்டை விடக் கனமானது.

வரலாறு வேண்டுமென்றால் பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் போகலாம். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று, பின்னி துணி ஆலை இருந்த இந்தப் பகுதியில்தான் தொடங்கியது. 1921-ல் பின்னி மில் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நடந்தது. பெருமையாகப் பாடத்தக்க கதைதான். ஆனால் அந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதிவாரியாகப் பிளந்தார்கள், புளியந்தோப்பில் கலவரம் நடந்தது, குடிசைகள் எரிந்தன. அதை விட்டுவிட்டு "ஒன்றாக நின்றோம்" என்று மட்டும் பாடினால் அது பாதி உண்மை. தன் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லத் துணிகிற இடத்தில்தான் மூத்த ராப்பரின் வயதுக்கு மதிப்பு. 1996-ல் ஆலை மூடிய பிறகு அந்தக் குடும்பங்கள் என்ன வேலைக்குப் போயின என்பதில் இன்னொரு பாட்டு காத்திருக்கிறது.

சரிபார்த்தல்

பாட்டில் ஒரு தேதியோ எண்ணோ தவறாக இருந்தால், எதிர்த்தரப்பு அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு முழு ஆல்பத்தையும் தள்ளிவிடும். ஒரு சரணத்துக்கு ஓர் எண் போதும். அதையும் இரண்டு இடத்தில் சரிபாருங்கள். அரசுத் துறையைப் பற்றிய விவரம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. ஆல்பத்துக்கு ஆறு மாதம் எடுக்கிறவர்களுக்கு 30 நாள் பெரிதில்லை.

தனி மனிதரின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டும் வரி இருந்தால் வெளியிடும் முன் வழக்கறிஞர் ஒருவர் படிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ம் பிரிவு அவதூறு பற்றியது; இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. உண்மையும் பொது நன்மையும் விலக்காக நிற்கும், ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். பெரும்பாலான நேரம் பெயரை எடுத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி வைத்தால் வரி இன்னும் கூர்மையாகும்.

பாதிக்கப்பட்டவர்களின் கதையை எடுக்கும்போது, அந்தச் சரணத்தை முதலில் அவர்களிடம் பாடிக் காட்டுங்கள். பீட் (பின்னணித் தாள இசை) இல்லாமல், வெறும் வாயால். அவர்கள் முகம் சுளிக்கிற வரியை எடுத்துவிட வேண்டும்; வாதாட வேண்டாம். அழுகையையும் ஏழ்மையையும் மட்டும் படம் பிடிக்கிற பாட்டுகளை வடசென்னை ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டது.

பதிவு

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைக்கிலிருந்து வாய் 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும்; நடுவில் பாப் ஃபில்டர் என்கிற மெல்லிய வலை. இல்லையென்றால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று வெடிக்கும். உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் வைத்தால் ஹூக்கில் கத்தினாலும் உடையாது. சுவருக்கு மெத்தையோ தடித்த போர்வையோ போதும். துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகளின் உறுமல் அறைக்குள் வரத்தான் செய்யும். குரல் டிராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். குரலை இரட்டிப்பது, அதாவது இன்னொரு முறை பாடி மேலே சேர்ப்பது, வரியின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் போதும். முழு வரியையும் இரட்டித்தால் சொல் மங்கும்.

உரிமையும் பங்கும்

சமூக நீதி பாடும் ஆல்பத்தில் பாடியவருக்கே பங்கு போகவில்லை என்பது நடக்கக்கூடாத ஒன்று, ஆனால் நடக்கிறது. பழைய பாட்டின் துண்டை எடுத்து பீட் செய்தால் இரண்டு உரிமைகள் குறுக்கே வரும். வரிக்கும் மெட்டுக்குமான உரிமை ஒன்று; அது எழுதியவர் இறந்து 60 வருஷம் வரை நீடிக்கும். பதிவு செய்த ஒலிக்கான உரிமை இன்னொன்று. அது வெளியானதிலிருந்து 60 வருஷம். இரண்டுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். மெட்டை மட்டும் புதிதாகப் பாடி எடுத்தால் இரண்டாவது உரிமை பிரச்சினை இல்லை. முதலாவது அப்படியேதான் இருக்கும். பிடித்த துண்டை வைத்துப் பாட்டை முடித்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்பவர்களுக்கு, அனுமதி கிடைக்காத அன்று பாட்டே இல்லாமல் போகும். முதலில் கேளுங்கள்.

தெருக் கானாவின் ஒரு மெட்டை எடுத்தால், அதைப் பாடி வைத்தவரைத் தேடிப் போய்ப் பெயரும் பங்கும் கொடுங்கள். எங்கும் பதிவாகவில்லை என்பதால் அது யாருடையதும் இல்லை என்று ஆகாது. பல கானாப் பாடகர்களுக்கு ஒரு நாள் கூலியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதுதான் வழக்கமாக இருந்திருக்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்குள்ள உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் அது பெரும்பாலும் செல்லாது. அந்த ராயல்டியை வசூலித்துத் தரும் அமைப்பு 1969-ல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ்.; எழுதியவரும் இசையமைத்தவரும் தனித்தனியாக உறுப்பினராகச் சேர வேண்டும், குழுவுக்கு ஒருவர் சேர்ந்தால் போதாது. ஒவ்வொரு பாட்டுக்கும், அந்தப் பதிவை அடையாளம் காட்டும் 12 எழுத்துள்ள ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணை வழக்கமாக விநியோக நிறுவனமே கொடுத்துவிடும்.

இதையெல்லாம் விட முக்கியம் ஒரு சாதாரணத் தாள். பாட்டின் பெயர், தேதி, வரி யார், மெட்டு யார், பீட் யார், பறை யார், டோலக் யார், ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம், முழுப் பெயர், கையெழுத்து. கூட்டினால் நூறு வர வேண்டும். இதைப் பாட்டு வெளியாகி ஓட ஆரம்பித்த பிறகு எழுத உட்கார்ந்தால் நூறு வராது. பதிவு முடிந்த அன்றே, ஸ்டூடியோவை விட்டு யாரும் கிளம்பும் முன் எழுதி, ஆளுக்கொரு படம் போனில் எடுத்துக்கொள்ள வேண்டும்.